ஆவியில் ஜெபிப்பது: அதன் எதிர்ப்பதம் எது?

2005 நவம்பரில், அமெரிக்காவின் தென் பாப்டிஸ்ட் சபைகளுடைய வெளிநாட்டு ஊழிய அமைப்பான சர்வதேச மிஷன் போர்டு ஒரு விதியைக் கொண்டுவந்தது. அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக ஜெபிக்கும்போதுகூட அந்நியபாஷையில், அதாவது தாங்கள் கற்காத, தங்களுக்கே விளங்காத பேச்சில், ஜெபிக்கிறவர்கள் இனி மிஷனரியாகச் சேர முடியாது. வேடிக்கை என்னவென்றால், அந்த அமைப்பின் அன்றைய தலைவர் ஜெர்ரி ராங்கின் தாமே அப்படி ஜெபிக்கிறவர்; அதை அவர் மறைக்கவும் இல்லை. ஏற்கெனவே பணியில் இருந்தவர்களை விதி தொடாததால் அவர் தலைவராகத் தொடர்ந்தார். புதிதாக விண்ணப்பம் போட்டிருந்தால் அவரையே திருப்பி அனுப்பியிருப்பார்கள். பத்தாண்டு கழித்து 2015 மே மாதத்தில், டேவிட் பிளாட் தலைவராக இருந்தபோது, அந்தத் தடை நீங்கியது.

அதே நாட்டில் அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபைகளின் நிலை நேர் எதிர். 1914-இல் தொடங்கிய அந்த அமைப்பு 1916-இல் எழுதிய விசுவாச அறிக்கையில், ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் வெளியடையாளம் அந்நியபாஷையே என்று வைத்தது. ஓரிடத்தில் அது இருந்தால் 2015 வரை ஊழியத்துக்குத் தடை. இன்னோரிடத்தில் அது இல்லாவிட்டால் தடை. இரு தரப்பின் கையிலும் இருப்பது ஒரே வேதபுத்தகம். விரல் வைத்துக் காட்டுவதும் ஏறக்குறைய ஒரே வசனங்கள்.

நம் ஊரில் இந்தக் குழப்பம் ஒரே வீட்டுக்குள்ளேயே நடக்கும். ‘நீங்க ஆவியில ஜெபிப்பீங்களா?’ என்று பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர் கேட்டால், அவர் கேட்பது அந்நியபாஷையைப் பற்றி. ‘ஆவியில்லாம எப்படி ஜெபிக்கிறது?’ என்று சி.எஸ்.ஐ.க்குப் போகிறவர் திருப்பிக் கேட்டால், அவர் சொல்வது வேறு எதையோ. இருவரும் ஒரே சொற்றொடரைச் சொல்கிறார்கள், பேசிக்கொள்வது இரண்டு விஷயங்களை.

சொல்லிலிருந்தே தொடங்குவோம்

‘ஆவி’ என்ற தமிழ்ச்சொல் உயிர், மூச்சு, நீராவி, பேய் எல்லாவற்றுக்கும் பொது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அதற்கு நிற்கும் சொல் ப்னியூமா. அதற்கும் காற்று, மூச்சு, மனித உள்ளம், கடவுளின் ஆவி என்று பல பொருள் உண்டு. ஆங்கில வேதாகமத்தில் பெரிய எழுத்துப் போட்டால் கடவுளின் ஆவி, சிறிய எழுத்துப் போட்டால் மனித ஆவி என்று பிரித்துக் காட்டிவிடுவார்கள். பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அந்த வேறுபாடு கிடையாது, தமிழ் எழுத்திலும் கிடையாது. அதனால் ஒரு வசனத்தில் ‘ஆவி’ என்று வந்தால், யாருடைய ஆவி என்பதை வாசிக்கிறவர்தான் முன்பின் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். ‘ஆவியானவர்’ என்று மரியாதை விகுதி சேர்த்து எழுதும் இடங்களில் மொழிபெயர்ப்பாளரே அந்த முடிவை எடுத்துவிட்டார் என்று பொருள்.

அடுத்தது ‘அந்நியபாஷை’. கிரேக்கத்தில் இதற்குக் குளோஸா என்ற சொல்; நாக்கு, மொழி என்பதுதான் அதன் நேர்ப்பொருள். ‘அந்நிய’ என்பது தமிழில் சேர்ந்துகொண்டது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம் கொரிந்தியர் நிருபத்தில் இதையே ‘பரவசப் பேச்சு’ என்கிறது. ‘அந்நியபாஷை’ என்று படிக்கிறவர் தனக்குத் தெரியாத வேறொரு மொழி என்று நினைப்பார். ‘பரவசப் பேச்சு’ என்று படிக்கிறவர் உணர்ச்சிப் பெருக்கில் வரும் ஒலி என்று நினைப்பார். வாதம் தொடங்கும் முன்பே சொல் ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது.

அடிப்படையான நான்கு வசனங்கள்

பழைய தமிழ் மொழிபெயர்ப்பின்படி அவை இவை:

1. எபேசியர் 6:18. ‘எந்தச் சமயத்திலும் சகலவிதமான வேண்டுதலோடும் விண்ணப்பத்தோடும் ஆவியினாலே ஜெபம்பண்ணி...’

2. யூதா 20. ‘...பரிசுத்த ஆவிக்குள் ஜெபம்பண்ணி’

3. 1 கொரிந்தியர் 14:14-15. ‘நான் அந்நியபாஷையிலே விண்ணப்பம்பண்ணினால், என் ஆவி விண்ணப்பம்பண்ணுமேயன்றி, என் கருத்து பயனற்றதாயிருக்கும்... நான் ஆவியோடும் விண்ணப்பம்பண்ணுவேன், கருத்தோடும் விண்ணப்பம்பண்ணுவேன்.’

4. ரோமர் 8:26. ‘ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்.’

ஆவியினாலே, ஆவிக்குள், ஆவியோடும் என்று மூன்று உருபுகள். இவற்றில் முதல் இரண்டும் கிரேக்கத்தில் ஒன்றே: ‘உள்ளே’, ‘கொண்டு’ என்ற இரு பொருளும் தரக்கூடிய ஒரு சிறு சொல். மூன்றாவது வசனத்தில் அந்தச் சிறு சொல் இல்லை, வெறும் வேற்றுமை உருபுதான். அதைவிட முக்கியமாக அங்கே அதை எழுதிய அப்போஸ்தலர் பவுல் ‘என் ஆவி’ என்கிறார். நான்காவதில் ஜெபிப்பது மனிதரே அல்ல, ஆவியானவர். ஆக, ஒரே தலைப்பின்கீழ் வைத்துப் பேசப்படும் நான்கு வசனங்களில் இரண்டுதான் உண்மையில் ஒரே சொற்றொடர்.

இந்த வசனங்களுக்குப் பொருள் காண, ஒவ்வொன்றிலும் ‘ஆவி’ எதற்கு எதிராக நிற்கிறது என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. எதிர்ப்பதம் மாறினால் பொருளும் மாறிவிடும்.

கொரிந்துவில்: ஆவிக்கு எதிரே கருத்து

கொரிந்து சபைக்குப் பவுல் முதல் நிருபத்தை எழுதியது கி.பி. 50-களின் நடுவில், எபேசு நகரில் இருந்தபடி. அந்தச் சபையில் கூடிவரும்போது பலர் ஒரே நேரத்தில் அந்நியபாஷையில் பேசினார்கள். கேட்பவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. 14-ஆம் அதிகாரம் முழுவதும் அதற்கான பதில்தான்.

இங்கே ‘ஆவி’க்கு எதிரே நிற்பது கருத்து, அதாவது கிரேக்கத்தில் நூஸ், விளங்கிக்கொள்ளும் மனம். அந்நியபாஷையில் ஜெபிக்கும்போது உள்ளம் ஜெபிக்கிறது, மனம் சும்மா இருக்கிறது என்கிறார் பவுல். ஆகவே இந்த ஓர் இடத்தில் ‘ஆவியோடு ஜெபிப்பது’ அந்நியபாஷை ஜெபத்தைத்தான் குறிக்கிறது. இதை மறுத்து, ‘உள்ளார்ந்து ஜெபிப்பது’ என்று மட்டும் பொருள் சொல்லிச் சமாளிப்பவர்கள் 14-ஆம் வசனத்தைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

அதற்குமேல் பவுல் சொல்வதுதான் சுவையானது. அந்தப் பழக்கத்தை அவர் கேலிசெய்யவில்லை. ‘உங்களெல்லாரிலும் நான் அதிகமான பாஷைகளைப் பேசுகிறேன்’ என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். உடனே, சபையில் அந்நியபாஷையில் பதினாயிரம் வார்த்தை பேசுவதைவிட மற்றவர்களுக்கு விளங்க ஐந்து வார்த்தை பேசுவதே தனக்கு விருப்பம் என்கிறார். பிறகு விதிகள்: இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, அர்த்தம் சொல்ல ஒருவர் வேண்டும், அவர் இல்லையென்றால் சபையில் மௌனம், தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசிக்கொள்ளலாம். கடைசியில் ‘அந்நியபாஷைகளைப் பேசுகிறதற்குத் தடைபண்ணாதிருங்கள்’ என்றும் முடிக்கிறார்.

மிஷன் போர்டின் 2005 விதி மோதியது இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான். இன்று பல மேடைகளில் ஒலிபெருக்கி வழியாக நடப்பது மோதுவது அதற்கு முந்தைய விதிகளோடு.

எபேசியரிலும் யூதாவிலும்: எதிரே கருத்து இல்லை

இந்த இரு வசனங்களிலும் ‘கருத்து’ என்ற சொல்லே வரவில்லை. ஆவிக்கும் மனத்துக்கும் இடையே பிரிவினை ஏதும் சொல்லப்படவில்லை. எபேசியர் 6-இல் சூழல் போர்: தலைச்சீரா, கேடகம், பட்டயம் எல்லாம் அணிந்தபின் ஜெபம் வருகிறது. அங்கே எதிரே நிற்பது தூக்கமும் சோர்வும். ‘மிகுந்த மனஉறுதியோடும்... விழித்துக்கொண்டிருங்கள்’ என்றே வசனம் தொடர்கிறது. யூதாவில் சூழல் சபைக்குள் பிரிவினை உண்டாக்குகிறவர்கள். முந்தைய வசனம் அவர்களை ‘ஆவியில்லாதவர்கள்’ என்கிறது. அதற்கு எதிராகத்தான் ‘நீங்களோ பிரியமானவர்களே’ என்று 20-ஆம் வசனம் தொடங்குகிறது. அங்கே எதிர்ப்பதம் ஆவியில்லாத வாழ்க்கை.

எபேசியரிலும் யூதாவிலும் வரும் ‘ஆவிக்குள்’ என்ற அதே கிரேக்கத் தொடர் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

1. ‘பரிசுத்த ஆவியினாலேயன்றி இயேசுவைக் கர்த்தரென்று ஒருவனும் சொல்லக்கூடாது’ (1 கொரிந்தியர் 12:3). இங்கே ஆவியில் சொல்லப்படுவது எல்லாருக்கும் விளங்கும் ஒரு சிறு அறிக்கை.

2. ரோமர் 9:1-இல் பவுலின் மனச்சாட்சி ‘பரிசுத்த ஆவிக்குள்’ சாட்சி சொல்கிறது. சாட்சி என்ன? தன் இனத்தாருக்காகத் தனக்கிருக்கும் துக்கம்.

3. மத்தேயு 22:43-இல் தாவீது ‘ஆவியினாலே’ பேசினார் என்று இயேசு சொல்கிறார். தாவீது பேசியதாக அவர் காட்டுவது 110-ஆம் சங்கீதம். எபிரெயக் கவிதை, இலக்கணம் தப்பாத வரிகள்.

ஆகவே ‘ஆவியில்’ என்பது மனம் அணைந்துபோன நிலையைத்தான் குறிக்கும் என்று சொல்ல முடியாது. யார் உந்துதலில், யார் துணையில், யாருக்கு உட்பட்டு என்பதே இந்த இடங்களில் அதன் பொருள்.

எபேசியரில் இன்னொரு துப்பும் உண்டு. 18-ஆம் வசனத்தோடு பவுல் நிறுத்தவில்லை. எனக்காகவும் வேண்டுங்கள், நான் தைரியமாய்ப் பேச வாக்குக் கொடுக்கப்படும்படி வேண்டுங்கள் என்று அடுத்த வசனத்தில் விஷயத்தைக் குறித்துக் கேட்கிறார். அவர் சிறையில் இருக்கிறார். தனக்கு என்ன தேவை என்று சொல்லி அனுப்புகிறார். பெயரும் தேவையும் தெரிந்து செய்யும் ஜெபம் இது. இதே நிருபத்தில் முந்தைய அதிகாரம் ‘ஆவியினால் நிறைந்து’ என்றபின் சொல்வதும், சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஒருவருக்கொருவர் புத்திசொல்வதைத்தான்.

ரோமரில்: எதிரே நம் அறியாமை

ரோமர் நிருபத்தைப் பவுல் எழுதியது கொரிந்துவில் இருந்து, கி.பி. 57 வாக்கில். அந்நியபாஷை இரைச்சலாக ஒலித்த அதே ஊர். அங்கிருந்து எழுதியும், 12-ஆம் அதிகாரத்தில் கடவுள் தரும் வரங்களைப் பட்டியலிடும்போது அந்நியபாஷையை அவர் சேர்க்கவே இல்லை. இதிலிருந்து பெரிய முடிவு எதையும் கட்டிவிடக் கூடாது, ஆனாலும் கவனிக்கத்தக்கது.

8:26-இன் ‘வாக்குக்கடங்காத பெருமூச்சு’ அந்நியபாஷைதான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அதை ஏற்க எனக்கு இரண்டு தடைகள். முதலாவது, அந்நியபாஷை வாயால் பேசப்படுவது. இங்கே சொல்லப்படுவது சொல்லில்லாதது. இரண்டாவது, இந்தப் பகுதியில் பெருமூச்சு மூன்று முறை வருகிறது: சிருஷ்டி தவிக்கிறது, நாம் தவிக்கிறோம், ஆவியானவர் பெருமூச்சு விடுகிறார். அடுக்கிப் பார்த்தால் பவுல் பேசுவது உலகத்தின் வலியைப் பற்றி. சபைக்கூட்டத்தில் வெளிப்படும் வரத்தைப் பற்றி அல்ல.

‘உதவிசெய்கிறார்’ என்று இங்கே மொழிபெயர்க்கப்பட்ட கிரேக்க வினைச்சொல் அபூர்வமானது. புதிய ஏற்பாட்டில் இன்னொரு முறைதான் வருகிறது, லூக்கா 10:40-இல்: மரியாள் உட்கார்ந்துவிட்டாள், எனக்கு உதவி செய்யச் சொல்லும் என்று மார்த்தாள் இயேசுவிடம் முறையிடும்போது. வேலையின் மறுமுனையை வந்து பிடிப்பது என்று அந்தச் சொல்லுக்குள் ஒரு படம் இருக்கிறது. கனமான அண்டாவை ஒருவர் தனியாகத் தூக்கத் திணறும்போது எதிர்ப்பக்கத்துக் காதை இன்னொருவர் பிடிப்பது போல. என்ன கேட்பதென்றே தெரியாமல் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருப்பவரின் ஜெபத்துக்கு இந்த வசனம் பொருந்தும் அளவுக்கு, கைதட்டி ஆர்ப்பரிக்கும் கூட்டத்துக்குப் பொருந்தாது.

இதே அதிகாரத்தில், ‘அப்பா பிதாவே’ என்று கூப்பிடப்பண்ணுவதும் ஆவிதான் (8:15). கலாத்தியர் 4:6-இலும் அதே. இந்த விளிப்பு மூன்றாவதாக வரும் இடம் மாற்கு 14:36, கெத்செமனே தோட்டம். ‘அப்பா’ அரமேயச் சொல். தமிழ்க் காதுக்கு அது தற்செயலாக வீட்டுச்சொல்லாகவே கேட்கிறது. ஆவியில் ஜெபிப்பது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி வேண்டுமானால், ‘இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும், ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல’ என்ற அந்த ஜெபத்தைவிட நல்லது கிடைப்பது அரிது. அதில் விளங்காத சொல் ஒன்றுகூட இல்லை.

வரலாற்றில் எதிர்ப்பதம் இடம் மாறிய விதம்

நான்காம் நூற்றாண்டின் முடிவில் அந்தியோகியாவில் பிரசங்கித்த கிறிசோஸ்தோம், கொரிந்தியரின் இந்தப் பகுதி மிகவும் விளங்காதது என்று ஒத்துக்கொண்டார். அன்று நடந்தவை இப்போது நடப்பதில்லை, அதனால்தான் விளங்கவில்லை என்றார். அவர் காலத்தை ஒட்டிய அகுஸ்தீன், சங்கீத விளக்கம் ஒன்றில், அறுவடை செய்கிறவர்கள் பாட்டைச் சொல்லோடு தொடங்கி, மகிழ்ச்சி பொங்கியதும் சொல்லை விட்டுவிட்டு வெறும் குரலாகப் பாடுவதைக் குறிப்பிடுகிறார். கடவுள் முன் அப்படிக் களிகூரலாம் என்கிறார். நடவு வயலில் குலவை கேட்டவர்களுக்கு அவர் சொல்வது உடனே புரியும். சொல்லைக் கடந்த துதி சபையின் நினைவிலிருந்து அற்றுப்போகவில்லை; அதை யாரும் அந்நியபாஷை என்று அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எதிர்ப்பதம் முற்றிலும் வேறு. அரசு அங்கீகரித்த ஜெபப் புத்தகத்தின்படிதான் ஆராதனை நடக்க வேண்டும் என்ற காலம். உரிமமின்றிப் பிரசங்கித்ததற்காக 1660-இல் பெட்ஃபோர்டில் சிறைப்பட்ட ஜான் பனியன், ‘ஆவியோடும் விண்ணப்பம்பண்ணுவேன், கருத்தோடும் விண்ணப்பம்பண்ணுவேன்’ என்ற இதே வசனத்தைத் தலைப்பாக வைத்து ஒரு நூலே எழுதினார். அதில் அவருடைய வழக்கு அச்சடித்த ஜெபத்தின்மீது. ஆவியில் ஜெபிப்பது என்றால் புத்தகம் பார்த்து ஒப்பிக்காமல் உள்ளத்திலிருந்து, புரிந்து, ஊற்றுவது. இன்றைய பெந்தெகொஸ்தே போதகரும் பனியனும் ஒரே வசனத்தை நேசிக்கிறார்கள், ஆனால் ஒருவர் சொல்லும் பொருள் மற்றவருக்குத் தோன்றியதே இல்லை. நம் ஊரில் சி.எஸ்.ஐ. ஜெபப் புத்தகத்தை ‘செத்த ஜெபம்’ என்று யாராவது சொன்னால், அவர் பேசுவது பனியனின் வாதத்தை. அந்நியபாஷை வாதம் அது அல்ல.

அந்நியபாஷை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் பேச்சுக்கு வந்தது. 1830-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்திலும், லண்டனில் எட்வர்ட் இர்விங்கின் சபையிலும் அது பெரும் சர்ச்சையானது. பலருக்குத் தெரியாதது தமிழ்நாட்டுக் கதை. திருநெல்வேலிப் பகுதியில் பிறந்து, வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்டியான்பேட்டையில் ஊழியம் செய்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810-1867), 1860-இல் தம் சபையாரிடையே எழுந்த எழுப்புதலைப் பதிவு செய்திருக்கிறார். அதில் அந்நியபாஷையும் அதற்கு அர்த்தம் சொல்லுதலும் உண்டு. பெந்தெகொஸ்தே இயக்கம் அமெரிக்காவிலிருந்து இறங்கிய சரக்கு என்று சொல்கிறவர்களும், அதே காரணத்துக்காக அதை மெச்சுகிறவர்களும் இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும்.

ஏனென்றால் அமெரிக்கக் கதை தொடங்குவது நாற்பது ஆண்டு கழித்து. 1901 ஜனவரி 1-ஆம் தேதி கான்சாஸ் மாநிலத்தின் டொபீகாவில், சார்லஸ் பர்ஹாம் நடத்திய வேதாகமப் பள்ளியில் ஆக்னஸ் ஓஸ்மன் என்ற மாணவி அந்நியபாஷை பேசினார். 1906-இல் லாஸ் ஏஞ்சலிஸின் அசூசா தெருவில், அடிமைகளாய் இருந்தவர்களின் மகனான வில்லியம் சீமோர் தலைமையில் அது பெரும் இயக்கமானது.

அவர்கள் முதலில் நம்பியது இன்று நாம் நினைப்பதல்ல. அது தனி ஜெபத்துக்கான மொழி என்று பர்ஹாம் நினைக்கவில்லை. அப்போஸ்தலர் 2-இல் நடந்ததுபோல உண்மையான வெளிநாட்டு மொழிகள், படிக்காமலே மிஷனரிக்குக் கிடைப்பவை என்று நம்பினார். அந்த நம்பிக்கையோடு ஆல்ஃபிரட் கார் என்ற போதகர் மனைவியுடன் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். தனக்கு வங்காளி அருளப்பட்டிருக்கிறது என்று நினைத்தார். வந்திறங்கியபின் அவர் பேசியது யாருக்கும் வங்காளியாகக் கேட்கவில்லை. அவர் ஊர் திரும்பிவிடவில்லை, தம் விளக்கத்தைத் திருத்திக்கொண்டார்: அந்நியபாஷை பிரசங்கத்துக்கு அல்ல, ஜெபத்துக்கும் துதிக்கும் என்று. இன்று ‘ஜெபபாஷை’ என்று சாதாரணமாகப் புழங்கும் கருத்து பரவியதில் அந்தக் கல்கத்தா ஏமாற்றத்துக்கும் பங்குண்டு.

மொழியியல் சொல்வது

கனடாவின் மொழியியலாளர் வில்லியம் சமாரின் 1970-களின் தொடக்கத்தில், பல நாடுகளில் பதிவான அந்நியபாஷைப் பேச்சை ஆராய்ந்து எழுதினார். அதில் மொழிக்குரிய தாளமும் ஏற்ற இறக்கமும் உண்டு. ஆனால் சொல்லுக்கும் பொருளுக்கும் நிலையான தொடர்பு கிடையாது. ஒலிகளும் பேசுபவருக்கு ஏற்கெனவே பழக்கமான மொழிகளிலிருந்தே வருகின்றன என்பது அவர் முடிவு. 2006-இல் ஆண்ட்ரூ நியூபெர்க் குழுவினர் ஐந்து பெண்களின் மூளையில் ரத்த ஓட்டத்தைப் படமெடுத்தார்கள். பக்திப்பாடல் பாடும்போதைவிட அந்நியபாஷை பேசும்போது மூளையின் முன்பகுதிச் செயல்பாடு குறைந்திருந்தது. ‘என் கருத்து பயனற்றதாயிருக்கும்’ என்று பவுல் எழுதியதற்கு இதை நிரூபணமாகப் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். ஐந்து பேரை வைத்து அவ்வளவு தூரம் போகக் கூடாது. தவிர, ஒரு பேச்சு எப்படி உண்டாகிறது என்பதை ஆய்வு சொல்லும். அது யாரை நோக்கிப் போகிறது என்பது ஆய்வின் எல்லைக்கு வெளியே.

வாதம் இன்று நிற்கும் இடம்

எபேசியர் 6:18 எல்லாருக்குமான கட்டளை. ‘எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?’ என்று 1 கொரிந்தியர் 12:30 கேட்கிறது. இல்லை என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கிறது. ஆவியில் ஜெபிப்பது என்றால் அந்நியபாஷைதான் என்று வைத்தால், சிலருக்கு மட்டும் கொடுக்கப்பட்டதை எல்லாரிடமும் பவுல் கேட்கிறார் என்றாகிவிடும்.

பெந்தெகொஸ்தே தரப்பின் பதில்: 12:30 பேசுவது சபையில் அர்த்தத்தோடு வழங்கப்படும் வரம், தனி ஜெபத்தின் பாஷை வேறு, அது எல்லாருக்கும் உண்டு. பொது இடத்துக்கும் தனியிடத்துக்கும் வித்தியாசம் உண்டு என்பதற்கு 14:28-இல் ஆதாரம் இருக்கிறது. ஆனால் தனியிடத்து வரம் எல்லாருக்கும் உண்டு என்பதற்கு அந்த அதிகாரத்தில் ஆதாரம் இல்லை. அசெம்பிளீஸ் ஆஃப் காட் ஊழியராகவே இருந்த வேதஅறிஞர் கார்டன் ஃபீ, எபேசியர் வசனத்திலும் அந்நியபாஷை ஜெபம் உள்ளடங்கும் என்று வாதிட்டவர். அவரும்கூட, அபிஷேகத்துக்குக் கட்டாய முதல் அடையாளம் அந்நியபாஷை என்ற தம் சபையின் கோட்பாட்டை ஏற்கவில்லை.

மறுபக்கம், வரங்கள் அப்போஸ்தலரோடு நின்றுவிட்டன என்ற வாதத்துக்கு 1918-இல் பெஞ்சமின் வார்ஃபீல்ட் உறுதியான வடிவம் கொடுத்தார். ‘அந்நியபாஷைகளானாலும் ஓய்ந்துபோம்’ என்ற 1 கொரிந்தியர் 13:8-ஐ அந்தப் பக்கத்தார் பலர் காட்டுகிறார்கள். எப்போது ஓயும் என்று அடுத்த வசனங்கள் சொல்கின்றன: நிறைவானது வரும்போது, முகமுகமாய்ப் பார்க்கும்போது. அது புதிய ஏற்பாடு எழுதிமுடிந்த நாளைக் குறிக்கிறது என்று வாசிப்பது வலிந்து சொல்வதாகவே எனக்குப் படுகிறது.

என் முடிவு இது. ‘ஆவியில் ஜெபிப்பது’ பெரிய வட்டம். பிதாவை அப்பா என்று கூப்பிடுவதும், பெயர் சொல்லிப் பிறருக்காக மன்றாடுவதும், சொல் வராமல் பெருமூச்சோடு நிற்பதும் அதற்குள் வரும். அந்நியபாஷை அதற்குள் ஒரு சிறு வட்டம்.

இதனால் நடைமுறையில் மாறுவது

1. ‘ஆவியில் ஜெபிக்கிறவர்’, ‘ஜெபிக்காதவர்’ என்று விசுவாசிகளை இரு தட்டாக்க இந்த வசனங்களில் இடமில்லை. பெந்தெகொஸ்தே சபையார் எல்லாரும் அந்நியபாஷை பேசுகிறவர்கள் என்பதும் உண்மையல்ல. பியூ ஆய்வு மையம் 2006-இல் பத்து நாடுகளில் எடுத்த கணக்கில், ஆறு நாடுகளில் பெந்தெகொஸ்தேயினரில் பத்துக்கு நான்கு பேரோ அதற்கு மேலோ தாங்கள் ஒருபோதும் அந்நியபாஷை பேசியதில்லை என்றார்கள். ஆவியின் அபிஷேகத்துக்காகக் காத்திருந்து ஜெபிக்கும் கூட்டத்தில் ‘நாக்கை விட்டுக்கொடுங்கள்’ என்று ஒருவரை நெருக்கி, வராதபோது குற்ற உணர்வோடு வீட்டுக்கு அனுப்புவது எந்த வசனத்திலும் நிற்காது.

2. தனியறையில் ஒருவர் அப்படி ஜெபிப்பதை விதிபோட்டுத் தடுப்பதும் நிற்காது. மிஷன் போர்டு பத்தாண்டு கழித்து வந்துசேர்ந்த இடம் அதுதான்.

3. எழுதிவைத்த ஜெபமா, மனதிலிருந்து வரும் ஜெபமா என்பது தனிக் கேள்வி. தாவீதின் சங்கீதம் எழுதப்பட்டதுதான்; இயேசு அதை ‘ஆவியினாலே’ என்றார். ஞாயிறுதோறும் ஒரே ஜெபத்தை வாசிப்பவர் ஆவியில் வாசிக்கலாம். முன்தயாரிப்பில்லாமல் முக்கால்மணி நேரம் ஜெபிப்பவர் கூட்டத்துக்காகவும் ஜெபிக்கலாம்.

4. ஒலிபெருக்கி. பவுலின் விதிகளில் இன்று அதிகம் மீறப்படுவது இது சம்பந்தப்பட்டதுதான். மேடையில் இருப்பவர் அர்த்தம் சொல்ல ஆளில்லாமல் நிமிடக்கணக்கில் அந்நியபாஷையில் ஜெபிக்க, கீழே இருப்பவர்கள் ‘ஆமென்’ போடுகிறார்கள். 1 கொரிந்தியர் 14:16 அவர்களுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது: ‘நீ ஆவியோடு ஸ்தோத்திரம்பண்ணும்போது, கல்லாதவன் உன் ஸ்தோத்திரத்திற்கு ஆமென் என்று எப்படிச் சொல்லுவான்? நீ பேசுகிறது இன்னதென்று அவன் அறியானே.’